வயதான நாய், பூனைக்கு வீட்டுப் பராமரிப்பு

நாய்க்கு 7 வயதும் பூனைக்கு 10 வயதும் தாண்டினாலே முதுமை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். குயிலாப்பாளையம் போன்ற கடலோர ஊர்களில் கவனிக்க வேண்டியவை:

• கருவாட்டுத் தலை, மீன்குழம்புச் சோறு வேண்டாம். உப்பு சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் சுமை. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்து, முள் நீக்கிய மீனைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள்.

• பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

• மூட்டுவலி உள்ள நாய்க்கு டைல்ஸ் தரை வழுக்கும். நடக்கும் வழியில் சாக்கையோ பழைய பாயையோ விரியுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

• வலிக்கு பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

• கிழப் பூனை நகத்தைச் சரியாகத் தேய்க்காது. நகம் வளைந்து உள்ளங்காலில் குத்தியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாதத்தை விரித்துப் பாருங்கள்.

• உண்ணிக் காய்ச்சல் முதிய நாயைச் சீக்கிரம் சாய்த்துவிடும். காதின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தினமும் தடவிப் பாருங்கள்.

• கோடையில் நடைப்பயிற்சி விடியற்காலையில் மட்டும்.

• வெறிநோய்த் தடுப்பூசியை வயதைக் காரணம் காட்டி நிறுத்தாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை நல்லது. பெரிய சிகிச்சைக்குப் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனத்தை அணுகலாம்.