வியாபாரிகளும் தேக சுகமும்



கடைக் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதி வைத்திருக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தம் இடுப்பின் சுற்றளவு தெரியும்? ஜவுளிக் கடைக்காரராயின் அளவு நாடா கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அளவெடுப்போம். நமக்கு நாம் எடுத்துக்கொண்டதில்லை. இந்தப் பாடத்தைத் தொடருமுன் எழுந்து நின்று அதைச் செய்துவிடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கலாகாது. மூச்சை இயல்பாக விட்ட நிலையில் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் முப்பத்தைந்தரை அங்குலம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இதைத் தாண்டினால் எச்சரிக்கை வேண்டும் என்பது நம் நாட்டு வைத்தியத் துறை கொண்டிருக்கும் அளவு. கால்சட்டையின் அளவைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நம்மில் பலர் கால்சட்டையையும் கைலியையும் தொந்திக்குக் கீழேயல்லவா கட்டுகிறோம்!

இதை எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டிய மளிகை வியாபாரி ஒருவர். இருபத்தைந்து வருஷமாகக் கல்லாவை விட்டு அசையாதவர். கடையும் அசையவில்லை, நல்ல வியாபாரம். ஒரு நாள் செருப்புக் கடித்துக் காலில் சிறு புண் வந்தது. கவனிக்கவில்லை. வாடை வந்த பிறகே பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை எப்போதோ தலைக்கு மேல் போயிருந்தது, அவருக்குத்தான் தெரியாது. இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்கப் போனபோது, "வலிக்கவே இல்லையே காக்கா, வலிச்சிருந்தா அன்னைக்கே போயிருப்பேனே" என்றார். அந்த வியாதியின் வஞ்சகமே அதுதான். காலின் நரம்பைக் கெடுத்து, வலியை முதலில் திருடிக்கொண்டு, பிறகு காலில் கை வைக்கிறது.

இவர் ஒருவர் கதையன்று. 2023-ஆம் வருஷத்து தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் எடை மிகுந்தவர்கள்; ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. 2019-ஆம் வருஷத்து ஆய்வு இனவாரியாகப் பிரித்துக் காட்டியபோது இந்தியரிடையே நீரிழிவு நூற்றுக்கு 31 என்றிருந்தது. எல்லா இனத்தாரிலும் அதுவே அதிகம். நம்மவரில் சிலர் அரசாங்கப் பதிவில் வேறு இனத்தின் கீழ் இருக்கலாம். சர்க்கரை பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை.

நம் பாட்டன்மார் என்ன, கீரையும் கஞ்சியும் சாப்பிட்டா வாழ்ந்தார்கள்? இல்லை. பினாங்குக்கே பெயர் வாங்கித் தந்த நாசி கண்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டார் என்பது தோளில் வைக்கும் காவுதடி. ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் ஆணம். அதைத் தோளில் சுமந்து துறைமுகப் பக்கம் தெருத் தெருவாக நடந்து விற்றவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள். வாங்கிச் சாப்பிட்டவர்கள் யார்? கப்பலில் மூட்டை இறக்கும் கூலியாட்கள். விற்றவரும் மைல் கணக்கில் சுமந்து நடந்தார். உண்டவரும் பொழுதெல்லாம் மூட்டை தூக்கினார். அந்தச் சோறும் அந்த ஆணமும் அந்த உழைப்புக்கென்று ஏற்பட்டவை. பின்னர் காவுதடி கீழே இறங்கியது, கடைகள் வந்தன. கேம்பல் தெருவில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா இன்றும் நடக்கிறது. தொழில் உயர்ந்தது, சந்தோஷமே. ஆனால் இப்போது விற்பவரும் உட்கார்ந்திருக்கிறார், உண்பவரும் உட்கார்ந்திருக்கிறார். பாயான் பாருவிலோ, பக்கத்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலோ மதியம் நாசி கண்டாருக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் மூட்டை தூக்குகிறவர்கள்? காவுதடியைத் தோளிலிருந்து இறக்கினோம். கூலியாளின் சோற்றுத் தட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

உட்காருவது ஒரு வியாதியா என்று கேட்கலாம். லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற வைத்தியர் இதைத்தான் ஆராய்ந்தார். அவ்வூரின் இரட்டை மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்குவார். ஒரு நாள் வேலையில் ஐந்நூறு படிக்குக் குறையாது. ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே விதமான குடும்பங்கள். 1953-இல் மோரிஸ் வெளியிட்ட கணக்கில், டிரைவர்களைக் காட்டிலும் கண்டக்டர்களுக்கு இருதய வியாதி கணிசமாகக் குறைந்திருந்தது. வந்தவர்களிலும் உடனே உயிர் போனவர்கள் குறைவு. மூன்று வருஷம் கழித்து அவர் இன்னொரு வேடிக்கையான காரியம் செய்தார். கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவே பெரிதாக இருந்தது. தையற்காரன் ஏட்டில் வைத்திய சாஸ்திரம் இருக்கிறதென்று ஜவுளி வியாபாரிகளாகிய நாம்தான் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். 'தடித்தவன் டிரைவர் வேலைக்குப் போயிருப்பான், அவ்வளவுதானே' என்று எதிர்வாதம் வந்தது. அதிலும் சற்று உண்மை உண்டு. ஆயினும் கண்டக்டர் மெலிந்தவராயினும் தடித்தவராயினும் அவருக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது என்பதையும் மோரிஸ் எடுத்துக் காட்டினார்.

நம் கடையில் கல்லாவில் இருப்பவர் டிரைவர். சரக்கு எடுத்துக் கொடுக்கும் பையன் கண்டக்டர். முதலாளி ஆனதும் முதலில் விட்டுவிடுகிற வேலை, படியேறி மேல் மாடியிலிருந்து சரக்கு எடுத்து வருவது. அதைத்தான் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

'லண்டன்காரன் தேகம் வேறு, நம் தேகம் வேறு' என்பவர்களுக்குச் சென்னையிலிருந்தே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு அது. சர்க்கரை வியாதி இன்னும் வராத, ஆனால் வாசற்படியில் நிற்கிற 531 பேரைச் சேர்த்து மூன்று வருஷம் கவனித்தார்கள். பொதுவான ஆலோசனையோடு விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினம் அரைமணி நேரம் சுறுசுறுப்பான நடை, சீனியை விலக்குதல், எண்ணெயும் தீட்டிய மாவும் குறைத்தல், நார்ச்சத்துள்ள ஆகாரம் என்று வழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. இதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. எடை குறையாவிட்டாலும் நடை வீண்போகவில்லை. தராசு முள் அசையவில்லையென்று பத்தாம் நாள் நடையை நிறுத்திவிடுகிற நண்பர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

அப்படியானால் எடை எதனால் குறையும்? இங்கே நாம் கணக்குப் போட வேண்டும். எழுபது கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். வரவைப் பாருங்கள். ஒரு கோப்பை தே தாரிக்கில் கெட்டிப்பால் தாராளமாக இரண்டு கரண்டி, 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதுமட்டும் 130 கலோரி. அதில் சேர்த்த சீனி ஏறக்குறைய 18 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. நம் வியாபாரி காலையில் கடை திறந்ததும் ஒன்று, சரக்குக்காரர் வந்ததும் ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, கடை கட்டும்போது ஒன்று என்று நாலு கோப்பை குடிக்கிறார். 72 கிராம் சீனி, 520 கலோரி. காலையில் வியர்க்க வியர்க்க நடந்ததெல்லாம் ஒரு கோப்பையோடு தீர்ந்தது. மீதி மூன்றும் கடன்.

திருப்பியும் கணக்குப் போடலாம். தேகத்துக் கொழுப்பு ஒரு கிலோ என்பது சுமார் 7,700 கலோரி. நாலு கோப்பையில் இரண்டை நிறுத்தினால் நாளொன்றுக்கு 260, மாதத்துக்கு 7,800. தேகம் ஏட்டுக் கணக்கின்படியே நடக்காது. பசி கூடும், மிச்சம் பிடித்ததை வேறு வழியில் கேட்கும். ஆகவே மாதம் ஒரு கிலோ என்று யாரும் சீட்டு எழுதித் தர முடியாது. ஆனால் போகும் திசை அதுதான். வயிறு குறைவது தட்டிலும் கோப்பையிலும். இருதயமும் இரத்தச் சர்க்கரையும் சீராவதற்குக் கால்களும் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'நடக்கிறேனே, அதனால் சாப்பிடலாம்' என்று இன்னொரு ரொட்டி சானாய் போடச் சொல்வதுதான் நம்மவரின் வழக்கமான நஷ்டம்.

டப்பாவிலும் போத்தலிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. பிறகு அதை உயர்த்தவும் செய்தது. கடையில் இழுத்துக் கொடுக்கும் தேத்தண்ணீருக்கு அந்த வரி கிடையாது. அதை நாமேதான் விதித்துக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் 'தே ஓ கோசோங்' குடிக்க எல்லோராலும் ஆகாது. முதல் இரண்டு வாரம் 'குராங் மானிஸ்' என்று சொல்லிப் பழகினால் நாக்கு தானே இறங்கி வரும். என் நாக்குக்கு ஒரு மாதம் பிடித்தது. இப்போது பழைய இனிப்பைக் குடித்தால் பாகு குடித்தாற்போல் இருக்கிறது.

சோற்றை விடச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. சோறில்லாத தமிழனுக்கு மூன்றாம் நாள் கோபம் வரும், நாலாம் நாள் இரட்டிப்பாய்ச் சாப்பிடுவான். அளவை மாற்றுங்கள். தட்டில் பாதி வெண்டைக்காய், முட்டைக்கோஸ், கீரை, வெள்ளரி என்று காய்கறிகள். கால் பங்கு மீனோ கோழியோ, பொரிக்காதது. மீதிக் கால் பங்கு சோறு. காய்கறியையும் மீனையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னால் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். நாசி கண்டார் வாரத்துக்கு ஒருமுறை தாராளமாக உண்ணலாம். ஆனால் 'பஞ்சிர்' என்று ஆணத்தை வெள்ளமாக விடச் சொல்லாதீர்கள். அந்த வெள்ளத்தில்தான் எண்ணெயும் உப்பும் வருகின்றன. வயிற்றை மூன்றாகப் பகுத்து ஆகாரத்துக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்கும் விடும் பங்கைச் சிறுவயதில் மதரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். மூன்று பங்கையும் சோற்றுக்கே எழுதிக் கொடுத்தது பின்னால் நாம் செய்த ஏற்பாடு.

நடைக்கு வாரத்தில் 150 நிமிஷம் குறைந்த அளவு. ஐந்து நாள், அரைமணி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். சுப்ஹுத் தொழுகை முடிந்து வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே நடந்துவிடுவது நம்மவருக்கு வசதி, வெயிலும் இராது. பாயான் பாருவில் இருப்போருக்கு ஸ்பைஸ் அரங்கின் மேற்கூரைப் பூங்காவும் நீச்சல் குளமும் பக்கத்திலேயே இருக்கின்றன. முழங்கால் வலிக்காரர்களுக்கு நீச்சல் மிக நல்லது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலைப் பூங்கா வரை போகலாம்; போன கையோடு வழியில் ரொட்டிக் கடை உண்டென்பதையும் நினைவில் வைத்து, மறந்துவிடுங்கள். காலையில் முடியாதவர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிஷம் ஐந்தடிப் பாதையில் நடந்தாலும் பலனுண்டு. உண்டபின் ஏறும் சர்க்கரையைத் தசைகள் அப்போது வாங்கிக்கொள்கின்றன.

நடை மட்டும் போதாது. நாற்பதைத் தாண்டியவருக்குத் தசை ஆண்டுதோறும் தேய்கிறது. தசை தேய்ந்தால் சர்க்கரை தங்குவதற்கு இடம் குறைகிறது. வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். இதற்கு ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துப் பத்து முறை தள்ளுங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக் கடையின் முன்னிருந்து பின்வரை நடந்து வாருங்கள். பாட்டனாரின் காவுதடி வித்தை இதுதான்.

ரமலான் மாதத்தில் எடை குறைய வேண்டியது நியாயம், பலருக்குக் கூடுகிறது. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி மேல் குற்றமில்லை, அது இலேசான ஆகாரம். அதன் பின்னால் வரும் வடை, சமோசா, ரோஸ் சர்பத், நடுநிசிப் புரோட்டா ஆகியவையே காரணம். தண்ணீரும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் கொண்டு நோன்பு திறந்து, மஃரிபு தொழுது, பிறகு ஒரே ஒரு சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் போதும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஆகாரத்தைக் குறைக்குமுன்னும் நோன்புக்கு முன்னும் வைத்தியரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மருந்து பழைய அளவிலும் ஆகாரம் புதிய அளவிலும் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். நடக்கையில் நெஞ்சை அழுத்தினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ நின்றுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'வாயுவாக இருக்கும்' என்று ஓமத் தண்ணீர் தேடக் கூடாது. நீரிழிவுக்காரர் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். இரவில் படுக்குமுன் இரு பாதங்களின் அடியையும் கண்ணாடி வைத்துப் பார்ப்பது நலம்.

என் மளிகைக் கடை நண்பர் இப்போது அகலமான சப்பாத்துப் போட்டுக்கொண்டு மெல்ல நடக்கிறார். கல்லாவில் மகனை உட்கார வைத்திருக்கிறார். சென்ற வாரம் போனபோது மகனுக்கும் நாடா வைத்து அளந்து பார்த்தோம். 94 சென்டிமீட்டர், வயது முப்பத்தொன்று. கடை வாடகை கட்டும் தேதியில் மாதந்தோறும் அளந்து, வாடகைச் சீட்டின் பின்புறத்திலேயே குறித்து வைப்பதாக அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான். வாடகைத் தேதியை எந்த வியாபாரியும் மறப்பதில்லையே.