டாக்டர் பட்டமும் தொழிற்சாலை வாசலும்

நம் வணிகர் வீடுகளில் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெறும் பிள்ளைகள் இன்று உண்டு. பட்டம் கைக்கு வந்ததும் வீட்டில் ஒரு கலக்கம் பிறக்கிறது. “பேராசிரியர் பதவி கிடைக்கவில்லையே, இத்தனை ஆண்டும் வீண்தானா?” என்று தந்தை எண்ணுகிறார். “கம்பெனி வேலைக்குப் போனால் படிப்பைக் கைவிட்டதாகுமே” என்று பிள்ளை மனம் குன்றுகிறார். இவ்வெண்ணங்கள் சரிதானா என்று ஆராய்வோம்.

1881-ல் அமெரிக்காவில் பிறந்த இர்விங் லாங்மூர் என்னும் ரசாயன அறிஞரின் வரலாறு இதற்கு நல்ல பாடம். ஜெர்மனியின் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் 1906-ல் டாக்டர் பட்டம் பெற்ற அவர், தாயகம் திரும்பிக் கல்லூரி ஆசிரியரானார். பாடம் நடத்துவதிலேயே பொழுது கழிந்தது. ஆராய்ச்சிக்கு நேரம் போதவில்லை. 1909-ல் கோடை விடுமுறையைக் கழிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றவர், 1950-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார்.

அக்கால மின்விளக்குகளின் கண்ணாடி நாளடைவில் உள்ளே கறுத்து, ஒளி மங்கும். உள்ளிருக்கும் காற்றை இன்னும் நன்றாக அகற்றினால் போதும் என்று பலரும் கருதினர். லாங்மூர் அதை அப்படியே ஏற்காமல் சோதித்தார். சூடேறிய டங்ஸ்டன் கம்பியே ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது என்று கண்டார். ஆகவே நைட்ரஜன் வாயுவை உள்ளே நிரப்பினார். கம்பி ஆவியாவது குறைந்தது. வாயு வெப்பத்தைக் கவர்ந்துவிடாதபடி கம்பியை நெருக்கமாகச் சுருட்டினார். 1913-ல் புதுவிளக்கு உருவாயிற்று. அதன் காப்புரிமை கம்பெனிக்குச் சென்றது. அவரோ அங்கிருந்தபடியே, மேற்பரப்பு ரசாயன ஆராய்ச்சிக்காக 1932-ல் நோபல் பரிசு பெற்றார்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, டாக்டர் பட்டத்தின் உண்மையான சரக்கு ஆய்வுரையின் தலைப்பன்று. விடை தெரியாத கேள்வியை எடுத்து, சோதித்து, ஒழுங்காகக் கணக்கு வைத்து, முடிவு காணும் பழக்கமே அது. அச்சரக்குக்குத் தொழில்துறையிலும் கிராக்கி உண்டு.

இரண்டாவது, வாங்குபவருக்குப் புரியும்படி பேச வேண்டும். துணி வாங்க வருபவரிடம் நெசவு முறையை விவரிப்பதில்லை; சாயம் போகாது, நெடுநாள் உழைக்கும் என்கிறோம். அவ்வாறே, தம்மால் எந்தச் செலவு குறையும், எந்தக் குறை தீரும் என்று சொல்லப் பிள்ளைகள் பழக வேண்டும்.

மூன்றாவது, கம்பெனியில் நியதி வேறு. பெரும்பாலும் பிறர் தரும் கேள்விக்கு, குறித்த தவணைக்குள், பலரோடு கூடி விடை காண வேண்டும். கண்டுபிடித்தது கம்பெனியின் உடைமையாகலாம். ஒப்பந்தத்தை முழுவதும் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

வணிகராகிய நமக்கும் கடமையுண்டு. படிப்பு முடியும் முன்பே, நமக்குத் தெரிந்த தொழிற்சாலைக்காரர்களிடம் பிள்ளைகளை அறிமுகம் செய்து, விடுமுறையில் சில வாரம் வேலை பார்க்க அனுப்புவோம். லாங்மூர் முதலில் சென்றதும் ஒரு கோடைக்குத்தான். மாதிரி பார்த்துக் கொள்முதல் செய்வது நாம் அறியாத வழியா?