பாடம்: நாமே சிங்களம் படிப்போம்



கடந்த விடுமுறையில் நாம் மட்டக்களப்புக் கல்லடிக்குப் போய் வந்தோம். நமது தோட்டத்துப் பிள்ளை ஒன்று அங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறது. தாய்க்குக் கொழுந்து வேலை, தகப்பன் இல்லை. அவ்வளவு தூரம் தனியாகப் போகப் பயம் என்று தாய் சொன்னபடியால் நாமும் துணைக்குப் போனோம். பதுளையில் பஸ் ஏறி, மலை இறங்கி, செங்கலடி வழியாகப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது.

பிள்ளை தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் நாம் கண்ட காட்சிதான் இந்த மாதப் பாடத்துக்குக் காரணம். நமது பிள்ளையும், அதே வீட்டில் தங்கி வேறொரு பீடத்தில் படிக்கும் சிங்களப் பிள்ளை ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கொப்பி, ஒரு கைத்தொலைபேசி. ஒருத்தி சிங்களத்தில் ஒரு சொல் சொல்ல, மற்றவள் அதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு தமிழில் ஒரு சொல். பிழை வந்தால் இரண்டு பேரும் சிரித்தார்கள். நாளைக்கு ஐந்து சொல், அதற்கு மேல் இல்லை என்பது அவர்களுடைய சட்டமாம்.

“ஊர்ல இருக்கிறப்ப உனக்கு சிங்களத்துல பஸ் டிக்கெட் கேட்கக்கூடத் தெரியாதே, எப்படிம்மா படிச்ச?” என்று கேட்டோம்.

“முதல்ல போன்ல பார்த்துத்தான் சேர் படிச்சேன். ஆனா போன் சொல்லைத்தான் குடுக்கும். பேச்சு வாயாலதான் வரும்” என்றது பிள்ளை.

தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “எனக்கும் வருமா சேர்?” என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம்.

ஏன் படிக்க வேண்டும்?

நமது சொந்த அனுபவத்தையே சொல்கிறோம். சில வருஷத்துக்கு முன் நமது தாயாருக்கு முழங்கால் வலி. ஓர் இடத்தில் மருந்து எடுத்து வந்தோம். மருந்து உறையில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் எழுத்துக் கூட்டி, “கேமட்ட பசு” என்று வாசித்தான். “கேமட்ட” என்றால் சாப்பாட்டுக்கு என்று நமக்குத் தெரியும். “பசு” தெரியாது. பசியோடு குடிப்பது என்று நாமே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் மூன்று நாள் கொடுத்தோம். தாயார் வயிறு எரிந்து வாந்தி எடுத்துத் துடித்துப்போனார். “பசு” என்றால் பிறகு. சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டிய மாத்திரை அது. முன்பு என்பதற்குச் சிங்களத்தில் “பெர” என்று எழுதுவார்கள். இந்த இரண்டு சொல் தெரிந்திருந்தால் அந்தக் கஷ்டம் வந்திருக்காது.

தமிழில் எழுதித் தர வேண்டியது அவர்கள் கடமை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரச கரும மொழி ஆக்கியது. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1988 இல் வந்த 16 ஆவது திருத்தத்தின்படி, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் நாம் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு பதில் பெறலாம். இதைக் கவனிக்க 1991 ஆம் ஆண்டின் சட்டப்படி அரச கரும மொழிகள் ஆணைக்குழுவும் உண்டு. ஆகவே தமிழில் கேட்பது நமது உரிமை. சிங்களம் படிப்பதால் அந்த உரிமை போய்விடாது. உரிமைக்குக் கடிதம் எழுதுவோம். பதில் வரும்வரை மருந்து உறையை வாசிக்கவும் பழகிக்கொள்வோம்.

வேலை செய்துகொண்டே படித்த ஒருவர்

கல்லடியில் சிவானந்த வித்தியாலய வளவில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. அங்கேயும் போய்க் கும்பிட்டு வந்தோம். 1892 இல் காரைதீவில் பிறந்த அவர், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். பிறகு ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்குப் படித்துத் தேறினார். தமிழோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், இலத்தீன் முதலிய மொழிகளையும் கற்றார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அந்தக் காலத்தில் போனும் இல்லை, யூடியூப்பும் இல்லை. வேறு மொழிகள் படித்ததால் அவருடைய தமிழ் குறைந்துபோகவில்லை. படித்ததை எல்லாம் தமிழுக்கே கொண்டுவந்தார். பிற மொழி படித்தால் பிள்ளை தமிழை மறந்துவிடும் என்று பயப்படும் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிங்களம் நமக்குத் தூரத்து மொழி அல்ல

முதலாவது, சொல் வரும் ஒழுங்கு தமிழைப் போலவே. “மம ஹெட்ட வெடட்ட எனவா” என்றால் “நான் நாளைக்கு வேலைக்கு வருவேன்”. மம – நான், ஹெட்ட – நாளைக்கு, வெடட்ட – வேலைக்கு, எனவா – வருவேன். சொல்லுக்குச் சொல் அப்படியே மாற்றி வைத்தால் போதும்.

இரண்டாவது, பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் நமது மொழியைவிட இலேசு. நாம் போறேன், போறீங்க, போறாரு என்று ஆளுக்கு ஆள் மாற்றுகிறோம். அவர்கள் “மம யனவா, ஒயா யனவா, எயா யனவா” என்று எல்லாருக்கும் ஒரே “யனவா”தான்.

மூன்றாவது, கேள்வி கேட்பது. நாம் கடைசியில் “ஆ” சேர்த்து “போறீங்களா?” என்கிறோம். அவர்கள் “த” சேர்த்து “யனவத?” என்கிறார்கள். இந்தத் “த”வை “வந்த” என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் போல மென்மையாகச் சொல்ல வேண்டும். கொஹேத – எங்கே, கீயத – எவ்வளவு, கவதாத – எப்போது. எல்லாம் அதே “த”வில்தான் முடிகிறது.

நான்காவது, தெரிந்த சொற்கள் பல உண்டு. அம்மா, அக்கா இரண்டும் அப்படியே. கடைக்கு “கடே”, சம்பளத்துக்கு “படிய”. தோட்டம் “வத்த”, கொழுந்து “தளு”. ஆனால் ஏமாற்றும் சொல்லும் உண்டு. சிங்களத்தில் “அய்யா” என்றால் அண்ணன். ஆகவே அலுவலகத்தில் பெரியவரை “மஹத்தயா” என்று சொல்லுங்கள். “மல்லி” என்றால் கொத்தமல்லி அல்ல, தம்பி.

ஒரு கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். சிங்களத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் படித்தால் உச்சரிப்பு கெட்டுவிடும். தமிழில் ஒரே “க”. சிங்களத்தில் அந்த இடத்தில் வேறு வேறு எழுத்துகள். “கல” என்று நாம் எழுதினால் “செய்த” என்றும் இருக்கலாம், “கல்” என்றும் இருக்கலாம். கல் என்னும் சொல், “தங்கம்” என்பதில் வரும் “க”வின் ஒலியோடு தொடங்கும். மேலே எழுதிய “கேமட்ட” என்பதன் முதல் ஒலியும் சரியான “கே” அல்ல. “பேக்” என்று பையைச் சொல்லும்போது வரும் ஒலி அது. ஆகவே இங்கே எழுதியிருப்பதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, காதால் கேட்டே படியுங்கள். சிங்கள எழுத்தையும் நாளுக்கு இரண்டாகப் பழகுங்கள்.

போனில் என்ன செய்யலாம்?

1. யூடியூப்பில் “தமிழ் மூலம் சிங்களம்” என்று தேடினால் பல பாடங்கள் வரும். நாலைந்தைப் பார்த்து, மெதுவாகவும் தெளிவாகவும் பேசும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் ஆளை மாற்றினால் முதற் பாடத்திலேயே நிற்பீர்கள்.

2. பள்ளிக்கூடத்தில் “இரண்டாம் மொழி சிங்களம்” ஒரு பாடம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடப்புத்தகங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. கல்வி அமைச்சின் “ஈ-தக்ஸலாவ” தளமும் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் புத்தகத்தையே தாயும் படிக்கலாம். பிள்ளையிடம் பாடம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

3. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011 இலும் சிங்களம் 2014 இலும் சேர்ந்தன. எழுதியும் கேட்கலாம், பேசியும் கேட்கலாம். எழுதிய பலகையைப் படம் பிடித்தும் பார்க்கலாம். அச்செழுத்தை ஓரளவு வாசிக்கும். கையெழுத்தில் அடிக்கடி பிழைக்கும்.

4. வாட்ஸ்அப்பில் குரற்பதிவு போடுங்கள். சிங்களம் தெரிந்த கூட்டாளிக்கு ஒரு வசனம் பேசி அனுப்பினால் அவர் திருத்தி அனுப்புவார். இதற்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

டேட்டாவுக்குக் காசு போகும் என்று யோசிப்பவர்கள், ஒரு வீட்டில் பாடத்தை ஒருமுறை இறக்கி வைத்து நாலு வீட்டார் சேர்ந்து பார்க்கலாம்.

போனை நம்பக் கூடாத இடம்

மொழிபெயர்க்கும் கருவிக்கு நீங்கள் யார், யாரோடு பேசுகிறீர்கள் என்பது தெரியாது. புத்தகச் சிங்களத்தைக் கொடுத்துவிடும். நமக்கு “செல்கிறேன்”, “போறேன்” என்று இரண்டு இருப்பது போல, அவர்களுக்கும் எழுத்தில் “மம யமி”, பேச்சில் “மம யனவா”. ஆகவே போன் தந்த வசனத்தை மறுபடி தமிழுக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்னதே திரும்பி வந்தால் ஓரளவு சரி. வேறு ஏதாவது வந்தால் சின்ன வசனமாக மாற்றிக் கேளுங்கள்.

ஆனால் மருந்து, காணி, கடன், ஈ.பீ.எப்., பொலிஸ், நீதிமன்றம் – இவை பற்றிய கடதாசிகளைப் போனில் மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்கக் கூடாது. நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நமது நலன்புரி அலுவலகத்துக்கும் கொண்டுவரலாம். விளங்காத கடதாசிக்கு “தமிழில் தாருங்கள்” என்று கேட்பதுதான் முதல் வேலை.

இந்த மாதப் பயிற்சி

பெரட்டுக்குப் போகுமுன் ஐந்து நிமிஷம், இரவு படுக்குமுன் பத்து நிமிஷம். நாளைக்கு ஐந்து சொல். ஞாயிறு புதுச்சொல் வேண்டாம். பழையதைத் திருப்பிச் சொல்லுங்கள். முதலில் இந்த வசனங்களைப் பாடமாக்குங்கள்:

“மட்ட சிங்ஹல டிக்கக் தேரெனவா” – எனக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும்.
“ஹெமின் கியன்ன” – மெதுவாகச் சொல்லுங்க.
“ஆயெத் கியன்ன” – இன்னொருமுறை சொல்லுங்க.
“மே பெஹெத் பொன்னே கேமட்ட கலிந்த, பஸ்ஸெத?” – இந்த மருந்து குடிக்கிறது சாப்பாட்டுக்கு முன்னமா, பிறகா?

பிறகு ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிராமத்துக் கடைக்காரர், தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர், கொழுந்து லொறி சாரதி, யாராகவும் இருக்கலாம். அவருக்கு ஒரு தமிழ்ச் சொல் கொடுத்து, ஒரு சிங்களச் சொல் வாங்குங்கள். பிழையாகப் பேசினால் சிரிப்பார்கள். கல்லடித் திண்ணையில் அந்தப் பிள்ளைகளும் சிரித்துத்தான் படித்தார்கள்.

கல்லடிக்கு நம்மோடு வந்த தாயைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். வந்த நாளிலிருந்து மகள் இரவில் குரற்பதிவு அனுப்புகிறது. தாய் கேட்டுத் திருப்பிச் சொல்லி அனுப்புகிறார். போன வாரம் காய்ச்சலுக்கு மருந்து எடுக்கப் போனவர், மேலே உள்ள கடைசி வசனத்தைத் தானே கேட்டிருக்கிறார். மருந்து கொடுத்தவர் நிமிர்ந்து பார்த்து, விரலால் காட்டி, இரண்டு முறை மெதுவாகச் சொன்னாராம்.

“எனக்கும் வருமா?” என்று கேட்டவர் அவர். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது நம்மிடம் வந்து, “பஸ்ஸெ, சேர். சாப்பிட்ட பிறகு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைக்காம்பராவில் கூடுவோம். ஒரு கொப்பியும், வீட்டில் இருந்தால் ஒரு மருந்து உறையும் கொண்டுவாருங்கள். அந்த உறையை வாசிப்பதில் இருந்தே தொடங்குவோம்.