தலையில் அடிபட்டவர் எழுந்து பேசினாலும்…



"அடிபட்டதும் சற்று மயங்கினார், பிறகு எழுந்து பேசினார், காப்பியும் குடித்தார். இனிப் பயமில்லை என்று படுக்கவைத்தோம்." தலைக்காயத்தோடு வருபவரின் உறவினர் பலர் இப்படிச் சொல்வதுண்டு. "இனிப் பயமில்லை" என்பது எவ்வளவு ஆபத்தான எண்ணம் என்பதே இம்மாதப் பாடம்.

மூளை, மண்டையோடு என்னும் எலும்புப் பெட்டிக்குள் மூன்று உறைகளால் மூடப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டி விரிந்து கொடுக்காது. உள்ளே இரத்தம் தேங்கினால் நசுங்குவது மூளைதான். வெளியே ஒரு சொட்டு இரத்தம் வராமலே இது நடக்கலாம்.

இரண்டு வகைகளை அறிந்திருப்பது நல்லது.

1. எலும்புக்கும் வெளியுறைக்கும் நடுவே தேங்குவது. காதுக்குச் சற்று மேலே முன்புறமுள்ள எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிந்து தமனி கிழிந்தால் இரத்தம் வேகமாகச் சேரும். ஆனாலும் சிலர் முதலில் தெளிவாகப் பேசுவார்கள். சில மணி நேரத்தில் நினைவிழப்பார்கள். 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், முதலில் நலமாகவே பேசினார். இரண்டு நாளில் மரித்தார்.

2. வெளியுறைக்கு உட்புறம் தேங்குவது. முதியோருக்கு மூளை சற்றுச் சுருங்குவதால் சிரைகள் இழுபட்டு நிற்கும். குளியலறையில் லேசாக இடித்துக்கொண்டாலே போதும். இரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரங்கள் கழித்துத் தலைவலி, மறதி, தள்ளாட்டம் தோன்றும். நாமோ "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோருக்கு ஆபத்து அதிகம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், உளறல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, ஒரு கண்மணி மட்டும் விரிதல், காது மூக்கில் நீர் வடிதல். இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108க்குச் சொல்லுங்கள். கழுத்தை அசைக்காதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் கசிவைக் காட்டிவிடும். சிறு கசிவைக் கண்காணித்தே குணமாக்குவதுண்டு. பெரிதானால் மண்டையோட்டைத் திறந்து இரத்தத்தை அகற்றி, கிழிந்த குழாயை அடைப்பார்கள். முதியோரின் பழைய கசிவுக்குப் பெரும்பாலும் சிறு துளையே போதும். நம் நாட்டில் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு முதல் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார்.

நேரமே இங்கு மருந்து. 2009இல் ஆஸ்திரேலியாவின் மேரிபரோ என்னும் சிற்றூரில், சைக்கிளிலிருந்து விழுந்த சிறுவனை நகரத்துக்கு அனுப்ப அவகாசமில்லை. மெல்பர்ன் நிபுணர் தொலைபேசியில் வழிகாட்ட, ஊர் மருத்துவர் சாதாரணத் துளைக்கருவியாலேயே மண்டையோட்டைத் துளைத்தார். சிறுவன் பிழைத்தான்.

நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரத்தில் அன்றிரவு தங்கிப் பராமரித்து, மறுநாளே புறப்பட்டான். தலையில் அடிபட்டவருக்கும் அப்படி ஒருவர் தேவை. முதல் 24 மணி நேரம் அவரைத் தனியே விடாதீர்கள்; இரவிலும் எழுப்பிப் பெயரைக் கேளுங்கள். இரு சக்கர வண்டியில் செல்லும் உங்கள் பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டை நீங்களே மாட்டி அனுப்புங்கள்.