ஃப்ளோட் பிளேன் ஓட்ட ஆசையா? பணம் கட்டுமுன் அக்கா சொல்வதைக் கேளுங்கள்

கனடாவில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்த தம்பி தங்கைகள் பலருக்கு அடுத்த ஆசை, ஏரியில் இறங்கும் ஃப்ளோட் பிளேன். நல்ல ஆசைதான். ஆனால் பயிற்சிப் பள்ளியில் கட்டணத்தை விசாரிக்கும் முன் இதைக் கேளுங்கள்: "பயிற்சி முடிந்த பிறகு இதே விமானத்தைத் தனியாக ஓட்ட எனக்கு வாடகைக்குத் தருவீர்களா?" பல இடங்களில் "இல்லை" என்பார்கள். எல்லாம் இன்ஷூரன்ஸ் செய்கிற வேலை. ஃப்ளோட் பிளேன் ஓட்டும் தகுதியான ரேட்டிங்கை வாங்குவது சுலபம், விமானம் கிடைப்பதுதான் கஷ்டம்.

இந்த ரேட்டிங்குக்கு டிரான்ஸ்போர்ட் கனடா கேட்பது மொத்தம் 7 மணி நேரப் பயிற்சி. அதில் குறைந்தது 5 மணி நேரம் பயிற்சியாளர் கூட இருக்க வேண்டும். தனியாக 5 முறை ஏறி இறங்கவும் வேண்டும். அதனால் இங்குள்ள பள்ளி உங்களைத் தனியே அனுப்பித்தான் ஆகவேண்டும். அமெரிக்காவில் மணிக்கணக்கு இல்லை, தனியாகப் பறக்கும் கட்டாயமும் இல்லை. எக்ஸாமினர் வைக்கும் டெஸ்ட் உண்டு. ஃப்ளோரிடாவின் வின்டர் ஹேவன் போனால் சில நாட்களில் முடித்துவிடலாம், குளிர்காலத்திலும் ஏரி உறையாது. ஆனால் கனடா லைசென்ஸை மட்டும் நீட்டி அங்கே ரேட்டிங் வாங்க முடியாது. முதலில் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.யின் சான்றிதழ் வேண்டும், அந்தக் காகித வேலைக்கே வாரக்கணக்கில் ஆகும்.

பயிற்சியில் எதைக் குறைத்தாலும் கண்ணாடித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். காற்றே இல்லாத காலையில் ஏரி அழகாக இருக்கும், ஆபத்தும் அப்போதுதான். வானமும் மரமும் தண்ணீருக்குள் தெரிவதால் தண்ணீர் மட்டம் எவ்வளவு கீழே என்று கண்ணுக்குப் பிடிபடாது. கரையை ஒட்டி வந்து, மூக்கைச் சற்றே தூக்கி, நிமிடத்துக்குச் சுமார் 150 அடி இறங்கும்படி பவரை வைத்துவிட்டு, விமானத்தின் மிதவை (ஃப்ளோட்) தானாகத் தண்ணீரைத் தொடும்வரை கையை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். "இதோ வந்துவிட்டது" என்று நீங்களே முடிவுகட்டி மூக்கைத் தூக்கினால் போச்சு.

கிளம்பும் முன் மிதவையின் ஒவ்வொரு அறையிலும் பம்ப் போட்டுத் தண்ணீரை எடுங்கள். ஓர் அறையில் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக வந்தால் அன்று பறக்க வேண்டாம். தண்ணீரில் பிரேக் கிடையாது, எஞ்சின் உயிர்பெற்றதுமே விமானம் நகரும். சக்கரமும் உள்ள ஆம்ஃபிபியன் என்றால், தண்ணீரில் இறங்குமுன் "சக்கரம் மேலே" என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள்; சக்கரத்தோடு இறங்கினால் விமானம் குப்புறக் கவிழும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே பறங்கள், ஆனால் கேபினுக்குள் ஊதாதீர்கள். ஊதினால் கதவு வழியே வெளியேற விடாது.

வாடகைக்குத் தருகிற இடம் கிடைத்தால், எத்தனை மணி நேர மிதவை அனுபவம் கேட்கிறார்கள், எந்தெந்த ஏரிகளில் இறங்கலாம், விபத்து என்றால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். லாக் புக்கில் மிதவை நேரத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். எங்கேயும் தனியாகத் தரவில்லையா? பயிற்சியாளரோடு சேர்த்தே எடுத்து ஓட்டுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் அந்த மணி நேரமும் உங்கள் லாக் புக்கில்தான் ஏறும்.