சாவியைக் கொடுக்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள்

கல்யாண வீட்டில் கார் சாவி கை மாறிக்கொண்டே இருக்கும். "மாப்ள, பஸ் ஸ்டாண்டுல சித்தப்பா வந்து நிக்கிறாராம், ஒரு எட்டு போய்க் கூட்டிட்டு வந்துடுங்க" என்று சாவியை நீட்டிவிடுவோம். மாப்பிள்ளையிடம் லைசென்ஸ் இருக்கிறதா, அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம். வண்டிக்குத்தான் ஃபுல் கவர் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோமே என்ற தைரியம் வேறு. அந்தத் தைரியத்துக்கு ஆதாரமே இல்லை.

உங்கள் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். யார் ஓட்டலாம் என்று அதில் ஒரு பத்தி இருக்கும். விபத்து நடந்த நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது இல்லையென்றால் உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கான க்ளெய்மை கம்பெனி நிராகரிக்கும். ஒர்க்‌ஷாப் பில் முழுவதும் உங்கள் தலையில் விழும். உரிமையாளரே ஓட்டி உயிரிழந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் இதே நிபந்தனைதான்.

இதைவிடப் பெரிய சுமை எதிரே வந்தவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எப்படியும் கொடுத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழியைக் காட்டியது. பாதிக்கப்பட்ட குடும்பம் அலையக் கூடாது என்பதற்காகக் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்ட உரிமையாளர் அனுமதித்தார் என்று கம்பெனி நிரூபித்தால், கட்டிய தொகையை அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு நஞ்சப்பன் வழக்கில், இப்படி வசூலிக்கத் தனி வழக்குக்கூடப் போட வேண்டாம், நிறைவேற்று மனுவே போதும் என்றும் சொல்லிவிட்டது. உரிமையாளரின் வண்டியும் சொத்தும் ஜப்திக்கு வரும். சில வழக்குகளில் கம்பெனியை அடியோடு விடுவித்துவிட்டு, உரிமையாளரே நேராகக் கட்ட வேண்டும் என்று உத்தரவாவதும் உண்டு. சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்துபோன வழக்கென்றால் நஷ்டஈடு பல லட்சங்களில் நிற்கும். ஓட்டியவர் யாரோ, ஆனால் வீட்டை விற்கும் நிலை சாவி கொடுத்தவருக்கு வரலாம்.

லைசென்ஸே எடுக்காதவரை நமக்குத் தெரிந்துவிடும். காலாவதியான லைசென்ஸ்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. இருபது வருடமாக ஓட்டுகிறவர், கை நல்ல கை, பர்ஸில் கார்டும் இருக்கிறது. தேதி மட்டும் போன மாதமே முடிந்திருக்கும். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் வரை அந்த லைசென்ஸ் செல்லும் என்று சட்டத்தில் இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது தேதி முடிந்த மறுநாளே அவர் லைசென்ஸ் இல்லாதவர். முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. முடிந்து ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டி டெஸ்ட் பாஸாக வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் வருகிறவர்கள், ஊரில் கார் ஓட்டும் முன் தங்கள் இந்திய லைசென்ஸின் தேதியை அவசியம் பாருங்கள்.

கார்டில் தேதியோடு வண்டி வகையையும் பார்க்க வேண்டும். ‘எம்.சி.டபிள்யூ.ஜி.’ என்று மட்டும் இருந்தால் அது கியர் வைத்த பைக்குக்கான லைசென்ஸ். காருக்கு ‘எல்.எம்.வி.’ இருக்க வேண்டும். பைக் லைசென்ஸை வைத்துக்கொண்டு கார் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க, முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு மாட்டி ஓட்டினால் பாலிசி செல்லும். தனியாக எடுத்துக்கொண்டு கிளம்பினால் விதியை மீறியதாகிவிடும்.

போலீஸ் பிடித்தால் ஓட்டியவருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இல்லையேல் இரண்டும். ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் அதே அளவு தண்டனை தனியாக உண்டு. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் காரைக் கொடுத்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதத்துக்கு வண்டியின் பதிவு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

ஆக்டிங் டிரைவர் வைப்பவர்கள் அவருடைய லைசென்ஸின் இரு பக்கங்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸைப் பார்த்து, ஓட்டத் தெரிகிறதா என்றும் சோதித்து வேலைக்கு வைத்த உரிமையாளர், அது அசலா போலியா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் விசாரிக்க வேண்டியதில்லை என்று 2022-இல் ரிஷி பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் பார்த்தீர்கள் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

விபத்து நடந்த பிறகு லைசென்ஸ் உள்ள வேறொருவர் ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். யார் ஓட்டினார் என்பது ஆஸ்பத்திரியில் எழுதும் ஏ.ஆர். காப்பியில் இருக்கும், சிசிடிவியில் இருக்கும், வேடிக்கை பார்த்தவர் எடுத்த வீடியோவிலும் இருக்கும். கம்பெனியின் புலனாய்வாளர் முதலில் தேடுவதே இவற்றைத்தான். பொய் வெளிப்பட்டால் க்ளெய்மும் போகும், பொய்ச் சாட்சியம் உருவாக்கியதாகக் கிரிமினல் வழக்கும் சேரும், உதவ வந்த அப்பாவியும் மாட்டிக்கொள்வார்.

அதே நேரம், லைசென்ஸைக் காரணம் காட்டிக் கம்பெனி சொல்லும் மறுப்பையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. நிறுத்தியிருந்த கார் திருடு போனதற்கும் ஓட்டுநர் லைசென்ஸுக்கும் தொடர்பில்லை. எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் மஞ்சள் போர்டு டாக்ஸி ஓட்டினார் என்பதும் காரணமாகாது. சுமையோடு சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை அந்த லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. இப்படி நிராகரித்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.