அண்ணன் தார்சும் தம்பி தார்சும்

நம் மலையின் திருப்புலி நாட்டில் இப்போது அண்ணன் தம்பி வீடுகள் ஒட்டினாற்போலத் தார்சு போட்டு எழும்புகின்றன. நடுச்சுவர் ஒன்று, படி ஒன்று, மேலே மொட்டைமாடியும் ஒன்று. குடி போய்ச் சில மாதம் ஆனதும், "நடுவுல ஒரு மறைப்புக் கட்டணும், எதைப் போடலாம்?" என்று கேட்டு வருகிறீர்கள். தட்டி கட்டிக் கை காய்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. எதைப் போடுவது என்பது கடைசிக் கேள்வி. முதலில் காலையில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை மாடியேறி, யார் பார்வை எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கமும் போய் நின்று பாருங்கள். துணி காயும் இடம், குளித்துவிட்டுத் தலை உலர்த்தும் இடம், கைக்குழந்தைக்காரி உட்காரும் மூலை. பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்றுக்குத்தான் மறைப்பு தேவைப்படும். இருபுறமும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாலடி உயரம் போதும். நின்று நடமாடும் இடத்துக்கு மட்டும் ஆறடி. முப்பதடி மாடியை நெடுக அடைக்கக் கேட்டு வந்தவர்களில் பலருக்கு எட்டடியில் வேலை முடிந்திருக்கிறது.

2. மிளகை மறந்துவிட்டு மறைப்புக் கட்டாதீர்கள். நம் பாட்டன்மார் சாணம் மெழுகிய களத்தில் காயப்போட்டார்கள். இன்று களம் மாடிக்கு ஏறிவிட்டது. சில்வர் ஓக் மரத்திலிருந்து இறக்கிய மிளகும், காப்பிப் பழமும், கேழ்வரகும் அங்கேதான் காய்கின்றன. பச்சை மிளகுக்கு நல்ல வெயிலில் நாலிலிருந்து ஆறு நாள் வேண்டும். ஈரம் நூற்றுக்குப் பதினொன்று அளவுக்கு இறங்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்; வியாபாரி கையில் எடுத்து மோந்து பார்த்தே விலையைக் குறைப்பான்.

ஆகவே நிழல் கணக்குப் போடுங்கள். தை மாதம் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. உச்சிப்பொழுதிலேயே ஆறடித் தட்டியின் நிழல் வடக்கே ஏறக்குறைய நாலடி விழும். மறைப்பு கிழக்கு மேற்காக ஓடினால் அந்த நிழல் முழுக்க வடக்கு வீட்டுக்காரர் மிளகின் மேல்தான். அவர் பேசாமல் இருந்தாலும் பாயை நகர்த்திப் போடும்போதெல்லாம் உங்களை நினைப்பார். வடக்கு தெற்காக ஓடினால் காலை நிழல் மேற்கு வீட்டுக்கு, மாலை நிழல் கிழக்கு வீட்டுக்கு. நட்டம் இருவருக்கும் பாதிப் பாதி. ஆனால் காலை ஒன்பது மணிக்கு அந்த நிழல் ஏழடிக்கு மேலும் நீளும் என்பதையும் நினைவில் வையுங்கள். அறுவடை மாதங்களில் சுருட்டி வைக்கவோ கழற்றவோ முடிகிற மறைப்பு எதுவோ, அதுதான் இந்த மலைக்கு ஏற்றது. என் மற்றப் பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான்.

3. தகரம் வேண்டாம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவந்தாயிற்றே என்று அதைக் கட்டிவிடாதீர்கள், கூரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு நாலு மடங்காகும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, ஆறடிக்குப் பத்தடித் தகரத்தின் மேல் 130 கிலோவுக்கு மேல் பாரம் கொடுத்துத் தள்ளும். இரண்டு ஆள் சேர்ந்து முட்டுக்கொடுப்பது போல. ஆடிக்காற்றில் பிய்த்துக்கொண்டு போகிற தகரம் யார் தலையில் விழும் என்று எவனும் சொல்ல முடியாது. இடைவெளி விட்டுப் பின்னியது எதுவானாலும் காற்று ஊடே புகுந்து போகும்.

4. கால் நடுவதற்காகத் தார்சைத் துளைக்கக் கூடாது. துளைத்த இடத்தில் ஐப்பசி மழை இறங்கும். கசிவு கீழே எந்த வீட்டில் தெரிகிறதோ அங்கே சண்டை தொடங்கும். கைப்பிடிச்சுவரின் பக்கவாட்டில் இரும்புப் பட்டை வைத்து இறுக்குங்கள். நடுவில் கால் வேண்டுமென்றால், பழைய பெயின்ட் வாளியில் காங்கிரீட் போட்டுக் குழாயை நிறுத்துங்கள். அதுவும் நாலடி மறைப்புக்கு மட்டும். ஆறடிக்குச் சுவரின் பிடி இல்லாமல் முடியாது. தட்டியின் அடியில் மூன்று விரல் இடைவெளி விட்டால் மழைத்தண்ணீர் தேங்காமல் வடிகுழாய்க்குப் போகும். இந்த மூடுபனியில் தேங்கிய இடமெல்லாம் பாசி பிடிக்கும், வழுக்கி விழுவது பெரும்பாலும் வயசானவர்கள்.

5. மூங்கில் தட்டிக்கே என் ஓட்டு. தொழில் பாசம் கொஞ்சம் இருக்கிறது, கழித்துக்கொள்ளுங்கள். மூன்று வயது தாண்டிய முற்றின மூங்கிலாக இருக்க வேண்டும். மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. அதைத் தின்னத்தான் துளைப்பூச்சி வருகிறது. தேய்பிறையில் வெட்டச் சொல்வார்கள் பெரியவர்கள். நான் அதையும் பார்ப்பேன், ஆனால் அதை நம்பி ஊறவைப்பதை விட்டுவிட மாட்டேன். பிளந்த மூங்கிலை ஓடையிலோ தொட்டியிலோ சில வாரம் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து போகும். பிறகு நிழலில் காயவைத்துப் பின்னுங்கள். பட்டா நிலத்து மூங்கிலாகப் பாருங்கள். காப்புக்காட்டில் கத்தி வைத்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

6. கடையில் கிடைக்கும் பச்சை வலை மலிவு, சுருட்ட எளிது. ஐம்பது சதம், எழுபத்தைந்து, தொண்ணூறு என்று நிழல் அளவில் விற்பார்கள். மாடி மறைப்புக்கு எழுபத்தைந்து சரி. ஒரு சங்கதி மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கத்து ஆள்தான் தெரிவார். இரவில் நீங்கள் விளக்குப் போட்டு உட்கார்ந்தால் வலை இருந்தும் இல்லாததுதான். விளக்கை வலைக்கு நேர் பின்னால் மாட்டாமல், அதன் தலைக்கு மேலே வெளிப்பக்கம் விழும்படி கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள், அண்டை வீட்டார் கண்ணில் குத்தாதபடி.

7. கொடி ஏற்றலாம். ஆடியில் விதைத்த அவரை மார்கழி, தையில் காய்க்கும். பந்தல் அடர்ந்து நிற்கும். மிளகு காயும் மாதமும் அதேதான் என்பதால் நிழல் கணக்கை மறுபடி பாருங்கள். சௌசௌ இந்தக் குளிருக்கு நன்றாக வரும், ஆனால் காய்ப் பாரம் அதிகம், தட்டி தாங்காது. காய் தொங்கினால் குரங்கும் வரும். வந்த குரங்கு காயோடு நிற்பதில்லை.

8. பக்கத்து வீட்டாரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அண்டை வீட்டார் பார்வை நம் பெண்கள் பகுதியில் விழுகிறது என்ற வழக்கில், ஊர் வழக்கமாக இருந்துவந்தால் அந்த மறைவுக்கு உரிமை உண்டு என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 1888-ல் ஏற்றது. சென்னை நீதிபதிகளோ அந்த நூற்றாண்டில் வேறு மாதிரி பார்த்தார்கள்: பார்வை விழுவது மட்டும் வழக்காகாது, வேண்டுமானால் உன் இடத்தில் நீ மறைப்புக் கட்டிக்கொள் என்பதுதான் அவர்கள் போக்கு. எனக்கு அது மலைக்காரன் தீர்ப்பாகவே படுகிறது. அதே சமயம் 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டப்படி, இருபது வருடம் தடையில்லாமல் ஒரு சன்னல் வழியே வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அந்த வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. புது வீடுகளில் இந்தச் சிக்கல் வராது; பழைய வீட்டை ஒட்டிக் கட்டியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்கவுண்டரிடம் போகும் அளவுக்கு இதை வளர்க்கவே வேண்டாம். யார் செலவு, யார் சொத்து, கெட்டுப்போனால் யார் மாற்றுவது, எந்த மாதம் கழற்றுவது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு வீட்டுப் பெண்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மாடியில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான். ஆம்பளைகள் மட்டும் பேசி முடித்த அளவுகளை நான் இரண்டாம் முறை போய் மாற்றிக் கட்டியிருக்கிறேன்.

9. நடுவில் ஓர் ஆள் நுழையும் திட்டிவாசல் விடுங்கள். கல்யாணத்துக்குப் பந்தி போட, மழை திரண்டு வரும்போது பக்கத்து வீட்டு மிளகை ஓடிப்போய் அள்ள, அது வேண்டும். தாழ்ப்பாளை இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி வையுங்கள்.

10. கழற்றிய தட்டியைத் தரையில் சாத்தாதீர்கள், கறையான் ஏறும். படிக்கட்டின் அடியில் இரண்டு கல் வைத்து அதன்மேல் படுக்கப்போடுங்கள். கட்டிய கயிற்றை மறுவருடம் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், புதுக்கயிறு வாங்குங்கள்.